ஐசியில் தம்பி

எங்கள் வரிசையில் சபாபதி அண்ணனுக்கு மட்டும் இரண்டு வயது. உடம்பின் வயது அறுபத்தைந்து, ஐசி என்கிற அடையாள அட்டையின் வயது ஐம்பத்தொன்பது. நான் துப்பறிந்து கண்டுபிடித்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சாஆ ஊரில் இந்தத் தாமானில், இந்த வரிசை வீடுகளில் குடியிருக்கும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான் இது. நான் கொஞ்சம் விவரமாகத் தெரிந்து வைத்திருக்கிறேன், அவ்வளவே.

சபாபதி அண்ணன் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பிறப்பை யாரும் பதியவில்லை. மீசை முளைத்து, சவரம் செய்யத் தொடங்கி, சம்பளமும் வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஐசி இல்லாமல் காலம் தள்ள முடியாது என்று அவருடைய அப்பாவுக்கு உறைத்திருக்கிறது. தோட்டத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியிடம் கூட்டிக்கொண்டு போனார்.

"பையன் எந்த வருசம் பொறந்தான்?"

"வழுக்கத் தொரை வந்த வருசங்க."

தோட்டத்தில் அப்படித்தான் வருஷத்தைச் சொல்வார்கள். சிக்கல் என்னவென்றால், அந்தத் தோட்டத்துக்கு வழுக்கைத் துரை இரண்டு பேர் வந்திருந்தார்கள். முதல் வழுக்கை போய், நடுவில் முடியுள்ள துரை ஒருவர் இருந்து, பிறகு இரண்டாவது வழுக்கை வந்தார். கிராணி வேலைக்குப் புதியவர். அவருக்குத் தெரிந்தது இரண்டாவது வழுக்கைதான். அந்த வருஷத்தை எழுதினார், அப்பா கைநாட்டு வைத்தார், சபாபதி அண்ணனின் ஆயுளிலிருந்து ஆறு வருஷம் காணாமல் போயிற்று.

தம்பி கமலநாதன் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிறந்தவர். அவருடைய வயதில் கலப்படம் இல்லை, சுத்தமான அறுபத்திரண்டு. ஆகவே ஐசியை நம்பினால், தம்பி பிறந்து மூன்று வருஷம் கழித்து அண்ணன் பிறந்திருக்கிறார். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆடு மேய்த்த அண்ணன்!

நாங்கள் ஐசியைப் பார்த்து யாரையும் கூப்பிடுகிறவர்கள் இல்லை. அவர் பெரியண்ணன், இவர் சின்னண்ணன். பெரியண்ணன் என் பக்கத்து வீடு, சின்னண்ணன் பின்வரிசை. சின்னண்ணன் அறுபதில் ஓய்வுபெற்று விருந்து வைத்தபோது, பெரியண்ணன் செம்பனை ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டு, லாரிகளை எடைபோடும் வாசலிலிருந்து அதே சீருடையில் நேராகப் பந்திக்கு வந்தார். "தம்பி கெழவனாயிட்டான், அண்ணன் இன்னும் இளந்தாரி லா," என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை பிரியாணி வாங்கினார். அன்று எல்லோரும் சிரித்தோம்.

கொரோனாவுக்கு ஊசி வந்தது. அறுபது தொட்ட மூத்தவர்களுக்குத்தான் முதலில். சின்னண்ணனுக்குக் கைப்பேசியில் அழைப்பு வந்துவிட்டது. பெரியண்ணனுக்கு வரவில்லை. தம்பியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போய், வாசலில் நின்ற பிள்ளைகளிடம், "வயசானவரு, பாத்துக் கூட்டிட்டுப் போங்க," என்று ஒப்படைத்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை, எல்லை மூடியதில் அங்கேயே மாட்டிக்கொண்டார். மனுஷி எத்தனை நேரம்தான் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்?

"அண்ணே, நீயும் உள்ள வந்து சொல்லிப் பாரேன். ஐசி தப்புன்னு," என்றார் சின்னண்ணன்.

"ஆறு வருசம் சும்மா கெடச்சிருக்குடா. எவனாவது திருப்பிக் குடுப்பானா?"

"வெளையாட்டு இல்லண்ணே."

"எனக்கும் முறை வரும் லா. இளந்தாரிங்க முறை."

அவருடைய முறைக்கு முன்னால் நோய் வந்துவிட்டது. ஆலையில் ஒருவருக்கு வந்து, பிறகு ஒரு ஷிப்டுக்கே வந்தது. பெரியண்ணனுக்கும், அவருடைய மனைவி பிரேமலா அண்ணிக்கும் பாசிட்டிவ். சுகாதாரத்துறையிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டு விசாரித்தாள். பெரியண்ணன் போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். அது என் குற்றமில்லை. வயதைக் கேட்டாள், மலாயில் ஐம்பத்தொன்பது என்றார். சர்க்கரை வியாதி, இனிப்பு நீர் உண்டா? "தாக் அடா!" ரத்தக் கொதிப்பு? "தாக் அடா!" சிறுநீரகம், இருதயம்? எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று ஏலம் விடுகிறவர் மாதிரி கத்தினார். ஒரு நாளும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில்லை. பார்த்தால்தானே இருக்கும்?

அறுபதுக்குக் கீழே, வேறு வியாதியும் இல்லை, மூச்சும் நன்றாக இருக்கிறது. அதனால் வீட்டிலேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். இருவர் கையிலும் சிவப்புப் பட்டை மாட்டினார்கள். பெரியண்ணன் அதை எனக்குத் தூக்கிக் காட்டி, "எப்படி, கங்கணம் கட்டின மாப்பிள மாதிரி இல்ல?" என்றார்.

அன்று மாலையே சின்னண்ணன் கேட்டில் சாப்பாட்டுத் தூக்கை மாட்டிவிட்டு, போகாமல் நின்றார். பிரேமலா அண்ணி வாசலுக்கு வந்தாள். நான் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். காலையிலும் ஊற்றியிருந்தேன், அது வேறு விஷயம்.

"அண்ணி, அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணி நெசமான வயசச் சொல்லிருங்க. அறுபத்தஞ்சின்னா வீட்டுல விட மாட்டாங்க. கூட்டிட்டுப் போய்ப் பாப்பாங்க."

"கூட்டிட்டுப் போய்? அப்புறம் என்னா செய்வாங்க? அந்த வாய்ஸ நீங்க கேட்டீங்களா இல்லையா, தம்பி?"

"எந்த வாய்ஸு?"

"அறுபது தாண்டினவங்களுக்கு மூச்சு மெஷின் கெடையாதாம். சின்ன வயசுக்காரங்களுக்குத்தான் குடுக்கறாங்களாம். ஒரு நர்ஸு அழுதுக்கிட்டே பேசியிருக்கு."

"எந்த ஆஸ்பத்திரி நர்ஸு? பேரு என்ன?"

"பேரச் சொன்னா வேல போயிடாதா?"

அந்தக் குரல் பதிவு எனக்கும் வந்தது. தாமானில் அது வராத கைப்பேசி இல்லை. நானும் நாலைந்து பேருக்கு அனுப்பினேன், அவர்களும் அனுப்பினார்கள். பேர் தெரியாத ஒரு பெண் அழுதுகொண்டே சொன்னால், பேர் தெரிந்த மந்திரி சொல்வதைவிட நம்பிக்கை வருகிறது.

"அண்ணி, மெஷின் வரைக்கும் போகக் கூடாதுன்னுதான நானும் சொல்றேன்."

"அப்படிப் போயிட்டா? ஐம்பத்தொன்பதுன்னா ஒரு இடமாவது கெடைக்கும். நீங்க வாயத் தொறக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

உள்ளேயிருந்து பெரியண்ணன் குரல் கொடுத்தார். "டேய்! நான் என்னா சாகவா போறேன்? நேத்து கோழி ரசத்துல உப்பே இல்ல. அதப் போயி ஒம் பொண்டாட்டிகிட்டச் சொல்லு!"

அந்த ரசத்தில் உப்பு இருந்தது. எனக்கும் ஒரு கிண்ணம் வந்திருந்தது. அவருடைய நாக்குக்குத்தான் தெரியவில்லை.

மூன்று நான்கு நாட்கள் ஒன்றும் இல்லை. பிரேமலா அண்ணிக்கு இருமல் நின்றுவிட்டது. பெரியண்ணன் தினமும் காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைப்பேசியில் ஆலைக் கூட்டாளிகளுக்கு உலக நடப்பைச் சொல்வார். அவர் ஒரு வாக்கியம் தொடங்கினால் அது சாஆவில் ஏறி ஜொகூர் பாருவில்தான் இறங்கும். எனக்கு அது வானொலி மாதிரி. பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பேன்.

பிறகு ஒரு நாள் வானொலியில் ஏதோ கோளாறு. என்னவென்று உடனே பிடிபடவில்லை. பேசிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் வாக்கியம் ஓடவில்லை. நான்கு சொல், நிறுத்தம். மூன்று சொல், நிறுத்தம். மறுநாள், "ஆமா," "சரி," "பாப்போம்." அவ்வளவுதான். கேட்டால் ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்றார். மூச்சு வாங்குகிறதா? இல்லையாம்.

எனக்குச் சந்தேகம். சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. வேலியோரம் போய் நின்று, "பெரியண்ணே! உங்க ரம்புத்தான் மரத்து எலையெல்லாம் என் வாசல்லதான் விழுது. நான் என்னா உங்களுக்கு வேலக்காரியா?" என்றேன்.

இது எங்களுக்குள் வருஷக்கணக்காக நடக்கும் சண்டை. அவருக்கு ரொம்பப் பிடித்த சண்டையும்கூட. என் குலம், என் வீட்டுக்காரரின் குலம், இலை உதிர்வதன் விஞ்ஞானம், ரம்புத்தான் பழுக்கும்போது மட்டும் இலையைப் பற்றிப் பேசாத என் நாக்கு என்று அரைமணி நேரத்துக்குக் குறையாமல் பதில் வரும்.

அவர் என்னைப் பார்த்தார். கையை மட்டும் ஆட்டினார். உதடு நாவல்பழம் தின்றவர் உதடு மாதிரி இருந்தது.

நான் வேலியைப் பிடித்துக்கொண்டே சின்னண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியோடு ஓடி வந்தார். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டிய எண் எண்பத்திரண்டில் நின்றது. விரலை மாற்றி மாட்டினார்கள். எண்பத்தொன்று.

ஆம்புலன்ஸ் வந்தது. வெள்ளை உடுப்புக்காரர்கள் இருவர் பெரியண்ணனை நாற்காலியோடு தூக்கினார்கள். கையில் பட்டை இருந்ததால் பிரேமலா அண்ணி கேட்டைத் தாண்ட முடியாது. உள்ளேயே நின்று, நான்கு நம்பர் லாட்டரிக் கடைக்குப் போகிறவனிடம் எண் சொல்லி அனுப்புவது போலக் கத்தினாள்.

"தம்பி! ஐம்பத்தொன்பது! மறந்துராதீங்க, ஐம்பத்தொன்பது!"

சின்னண்ணன் காடியை எடுத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். சாவியை இரண்டு முறை கீழே போட்டார், அதனால் துணைக்குப் போனேன். வேறு காரணமும் இருக்கலாம், என்னைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு வெளியே, காடி நிறுத்தும் இடத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே நோயாளிகள். வெளியே ஒன்றுவிட்டு ஒன்று குறுக்குக்கோடு ஒட்டிய நாற்காலிகளில் நாங்கள். சின்னண்ணன் தன்னுடையதும் அண்ணனுடையதுமாக இரண்டு ஐசியையும் கொடுத்துப் பதிந்துவிட்டு வந்தார்.

பக்கத்தில் ஒரு வாலிபன், முப்பத்தைந்து இருக்கும். தண்ணீர் போத்தலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான், குடிக்கவில்லை. அவன் விவரம் கிடைக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. பெயர் சயீத். ஆயர் ஈத்தாமில் ரொட்டிச்சானாய்க் கடை, பரோட்டா மாதிரி. உள்ளே இருப்பது அவனுடைய தாயார் மைமூன். வயது அறுபத்து மூன்று. அவன் தங்கச்சி வீட்டில் இருந்தார். அங்கே எல்லோருக்கும் வந்து, இவருக்கு மட்டும் முற்றிவிட்டது. அந்தப் பக்கத்தில் இடமில்லை என்று இங்கே அனுப்பியிருக்கிறார்கள்.

"காலையிலகூட எங்கிட்டச் சண்ட போட்டாங்க அக்கா. போன்ல. மாவ நீ சரியாப் பெசையறதில்லன்னு."

"சண்ட போட்டாங்கன்னா நல்லதுதான்யா. தெம்பு இருக்கு."

"உம்மாவுக்கு இனிப்பு நீரு இருக்கு. டாக்டர் கேட்டாங்க, எல்லாம் சொல்லிட்டேன். வயசு, மாத்திரை, கிட்னி கொஞ்சம் வீக்கு, ஊசி ஒண்ணுதான் போட்டிருக்கு. எதையும் மறைக்கக் கூடாதுல்ல?"

சின்னண்ணன் தரையைப் பார்த்தார்.

நீல உறைக்குள்ளிருந்து ஒரு டாக்டர் வெளியே வந்தாள். நெஞ்சில் பேனாவால் லோஷினி என்று எழுதி ஒட்டியிருந்தது. முகக்கண்ணாடிக்குள் கண் மட்டும் தெரிந்தது. சின்னப் பிள்ளை, தூங்கி நாளாகியிருக்க வேண்டும்.

"சபாபதியோட வாரிஸ் யாரு? சொந்தக்காரங்க?"

சின்னண்ணன் எழுந்தார். டாக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஐசியைப் பார்த்தால் யாரும் என்ன கேட்பார்களோ அதையே கேட்டாள்.

"நீங்க அவருக்கு அண்ணனா, அங்கிள்?"

வயதைத்தான் கேட்பார்கள் என்று காடியில் வரும் வழியெல்லாம் ஐம்பத்தொன்பது, ஐம்பத்தொன்பது என்று முனகிக்கொண்டு வந்த மனுஷன். இதை அவரும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. இல்லை, தம்பி என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அறுபத்திரண்டு வயதுக்காரருக்கு ஐம்பத்தொன்பது வயதில் ஓர் அண்ணனா? பிறந்ததிலிருந்து அவர் பெரியண்ணனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பின்னால் பேசும்போதும் அவர், இவர் என்றுதான். கோபத்திலும் அப்படித்தான்.

"ஆமா," என்றார். "அவன்... அவன் என் தம்பி."

'அவன்' என்ற இடத்தில் குரல் உடைந்தது. டாக்டர் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டாள்.

"அழாதீங்க அங்கிள். வயசு ஐம்பத்தொன்பது, சரியா?"

"சரி."

"இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, கிட்னி, இருதயம்?"

"ஒண்ணும் இல்ல."

"ஊசி?"

"போடல. முறை வரல."

"எத்தனை நாளா இப்படி?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பேச்சு சுருங்கி இரண்டு மூன்று நாளாகிறது என்று நான் சொன்னேன். "அத யாரும் போன் பண்ணிச் சொல்லலையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தொடர்ந்தாள். "நுரையீரல் ரொம்பப் பாதிச்சிருக்கு. மூச்சு மெஷின் வைக்கணும். ஐசியூல இப்ப ஒரு எடம் காலியாகுது. காத்திருக்கறவங்க அவரு மட்டும் இல்ல. எல்லாத்தையும் பாத்து ஸ்பெஷலிஸ்ட் முடிவு பண்ணுவாங்க. மத்தவங்களுக்கும் வேற எங்கயாச்சும் எடம் கெடைக்குமான்னு தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்."

எல்லாவற்றையும் என்றால் எதையெல்லாம் என்று அவள் சொல்லவில்லை. சயீத் பக்கம் திரும்பாமலேயே உள்ளே போய்விட்டாள். திரும்பாமல் போனதில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. காத்திருக்கிறவர்களில் ஒருவர் யார் என்று.

சின்னண்ணன் உட்கார்ந்தார். நான் குனிந்து, மாஸ்க்குக்குள்ளேயே கேட்டேன். "சின்னண்ணே, சொல்லிரலாமா?"

"வெள்ளையம்மா." அவர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம். "நீ இந்தத் தாமான்ல எத வேணாலும் பேசு. என்னப் பத்திப் பேசு, எம் பொண்டாட்டியப் பத்திப் பேசு. நான் ஒண்ணும் கேட்டதில்ல. இன்னிக்கு மட்டும் வாய மூடிக்க."

"எனக்கென்ன அண்ணே. ஆனா அந்தப் பையனோட அம்மா..."

"எனக்குக் கண்ணு இல்லையா?"

சயீத் குறுக்குக்கோடு போட்ட நாற்காலிக்கு மேலாகத் தண்ணீர் போத்தலை நீட்டினான். "குடிங்க அங்கிள். தம்பிக்கு ஒண்ணும் ஆவாது. சின்ன வயசுதானே."

சின்னண்ணன் வாங்கிக் குடித்தார். குடிக்காமல் என்ன செய்வார்?

பிற்பகலில் தாதி வந்து கூப்பிட்டாள். சபாபதியை ஐசியூவுக்குக் கொண்டுபோகிறார்கள். மயக்க மருந்து கொடுக்கும் முன்னால் பேச வேண்டுமென்றால் பேசலாம் என்று கைப்பேசியில் காட்டினார்கள். பெரியண்ணன் முகத்தில் பெரிய மூடி. ஏதோ சொன்னார், கேட்கவில்லை. சின்னண்ணன் திரையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, தாதிக்குக் கேட்காத குரலில், "அண்ணே, அண்ணே, அண்ணே," என்றார்.

சயீத் இரு கையையும் ஏந்தி, "அல்ஹம்துலில்லாஹ்," என்றான். எங்களுக்காக. மெய்யாகவே சந்தோஷப்பட்டான், அதை நான் பார்த்தேன். என் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தன் எண்ணையும் கொடுத்தான். "நல்ல சேதி வந்தா சொல்லுங்க அக்கா. நானும் சொல்றேன்."

பெரியண்ணன் பிழைத்துவிட்டார். வெகுநாள் மெஷினில் கிடந்து, தொண்டையில் துளை போட்டு, அதை மூடி, பாதி உடம்பாக வீட்டுக்கு வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கழிவறைக்குப் போனார். பிரேமலா அண்ணி தாமான் முழுக்கச் சொன்னாள்: "பாத்தீங்களா? வயசு கம்மின்னு சொன்னதாலதான்." எனக்கு அவள் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது. நான், இன்னொருத்தியின் வாயை!

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. இனிப்பு நீர்க் கணக்கு இருந்திருக்கலாம், கிட்னிக் கணக்கு இருந்திருக்கலாம். நமக்குத் தெரியாத ஏதோ ஓர் எண் அவர்கள் தாளில் இருந்திருக்கலாம். வயதே பொருட்டாக இல்லாமலும் இருந்திருக்கலாம். டாக்டரைத் தேடிப் போய்க் கேட்டால் சொல்லியிருப்பாள். அதைக் கேட்க வேண்டுமென்றால் முதலில் இதைச் சொல்ல வேண்டுமே!

சின்னண்ணன் தினமும் அண்ணனைப் பார்க்க வந்தார். போகும்போது என் கேட்டில் நிற்பார்.

"அந்தப் பையன் கூப்பிட்டானா?"

"இல்லண்ணே."

"நீ கூப்பிட்டியா?"

"எடுக்கல."

நான் கூப்பிடவே இல்லை. மூன்றாவது வீட்டுக்கு என்ன கூரியர் வந்தது என்று கேட்காமல் இருக்க முடியாத எனக்கு, அந்த எண்ணை மட்டும் அழுத்த வரவில்லை.

தீபாவளியன்று அவனே கூப்பிட்டான். வாழ்த்துச் சொன்னான். "உங்க ஆளு எப்படி அக்கா இருக்காரு?" என்றான். வந்துவிட்டார், நடக்கிறார் என்றேன். பிறகு நான் கேட்காமலேயே சொன்னான். நாங்கள் ஆஸ்பத்திரியில் பார்த்ததற்கு மறுநாள், விடியற்காலைச் சுபுஹு தொழுகைக்கு முன்னால் அவனுடைய உம்மா இறந்துவிட்டார். ஜொகூர் பாருவில் ஓர் இடம் கிடைத்து, அனுப்புவதற்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்ததாம்.

"வயசு, சுகரு, ரெண்டும் சேந்துட்டா கஷ்டம்னு டாக்டர் சொன்னாங்க அக்கா. முடிஞ்சதெல்லாம் செஞ்சாங்க. அங்கிளோட தம்பி இளசு, தாங்கிட்டாரு."

முறுக்குத் தட்டோடு சின்னண்ணன் கேட்டில் நின்றிருந்தார். நன்றாக இருக்கிறார்களாம் என்று சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். எவ்வளவோ சொல்லியிருக்கிறேன், கலந்தும் சேர்த்தும். அவர் முகத்தைப் பார்த்து அது வரவில்லை. சொல்லிவிட்டேன். அவர் தட்டை மதில்மேல் வைத்தார்.

"வெலாசம் கேளு."

"எதுக்கண்ணே? போயி என்னா சொல்லப் போறீங்க?"

"கேளு வெள்ளையம்மா."

அடுத்த ஞாயிறு புறப்பட்டோம். பெரியண்ணன் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "எங்கடா, ரெண்டு பேரும்?" என்றார். சின்னண்ணன் ஆயர் ஈத்தாமுக்கு, பூச்சட்டி வாங்க என்றார். அந்த ஊரில் எல்லோரும் வாங்குவது அதுதான். "இவள எதுக்கு? வெல பேசவா?" என்று பெரியண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி நிற்க நேரமெடுத்தது.

போகும்போதே மழை. சயீத் வீடு கடைக்குப் பின்னால். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து சின்னண்ணன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இவ்வளவு தூரம் துக்கம் கேட்க யார் வருகிறார்கள் என்று மனைவியைக் கூப்பிட்டான். நஸீமா டீ கொண்டுவந்து வைத்தாள். உம்மாவின் கடைசி மாதங்களைப் பற்றிச் சொன்னான். கடையில் வந்து உட்கார்ந்தால் மாவைத் தொட்டுப் பார்க்காமல் போக மாட்டாராம். கொஞ்சம் சிரித்தான்கூட.

"உங்க தம்பிய நல்லாப் பாத்துக்குங்க அங்கிள். சபாபதி அங்கிளுக்கு இன்னும் வயசு கெடக்கு."

"தம்பி இல்ல," என்றார் சின்னண்ணன். "அவரு என் அண்ணன்."

சயீத் என்னைப் பார்த்தான். அன்று தனக்குத்தான் காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்திருப்பான்.

"ஐசி தப்பு. அறுபத்தஞ்சு அவருக்கு. அன்னிக்கு டாக்டர்கிட்ட நான் மாத்திச் சொன்னேன்."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவன் மெதுவாகத்தான் கணக்குப் போட்டான். போட்டு முடித்ததை நான் பார்த்தேன்.

"உம்மாவ விட ரெண்டு வயசு..."

"மூத்தவரு."

நஸீமா தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கதவோரம் நின்றுவிட்டாள்.

"வயச வச்சித்தான் எடம் குடுத்தாங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" சயீத் கேட்டான்.

"யாரும் சொல்லல."

"டாக்டர் சொன்னாங்களா?"

"இல்லய்யா. எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் இத்தன நாளா..."

"தெரியாததச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

சின்னண்ணன் ஆமாம் என்று தலையாட்டினார்.

"உம்மாவோட நேரம் முடிஞ்சிருச்சுன்னு நான் இருந்தேன் அங்கிள். அல்லா எழுதினது அவ்வளவுதான்னு. புள்ளைங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். இப்ப நீங்க வந்து எறக்கி வச்சிட்டுப் போறீங்க. நான் இத எங்க கொண்டு போய் வைப்பேன்?"

குரலை உயர்த்தவில்லை. கடையில் கணக்குக் கேட்கிறவன் போலத்தான் கேட்டான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, நீங்களும் அன்னிக்கு அங்கதானே இருந்தீங்க. எம் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க."

எனக்கு எதற்கும் பதில் உண்டு. கேள்வியே இல்லாவிட்டாலும் பதில் உண்டு. அன்று ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னண்ணன் எழுந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கைகளைக் கூப்பப் போனார், பாதியில் விட்டுவிட்டார். சயீதும் எழுந்து, எங்களுக்கு முன்னால் போய் வாசல் கதவைத் திறந்தான். படாரென்று திறந்திருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். மெதுவாகத் திறந்து, ஒதுங்கி நின்று, வானத்தைப் பார்த்தான்.

"கொடை இருக்கா அக்கா?"

"இருக்குய்யா," என்றேன்.

இல்லை. காடிவரை இருவரும் நனைந்துகொண்டே போனோம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு மூடுகிற சத்தம் மட்டும் கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். மழையில் ஒன்றும் கேட்கவில்லை.